அப்பா கேட்ட ஒரு படம்

கேள்வி: மதுரை பக்கம் திருமங்கலத்தில் வசிக்கிறேன். போட்டோகிராபிதான் என் பொழுதுபோக்கு. 24 மெகாபிக்சல் கிராப் சென்சார் (ஒளியைப் பதியும் சில்லு சிறியது) கேமரா, அதோடு வந்த 18-55 மி.மீ. கிட் லென்ஸ் இருக்கிறது. வீட்டுக்குள் எடுத்தால் கை அசைந்து ஷேக், புள்ளி புள்ளியாக நாய்ஸ். போன வருடம் அப்பாவின் அறுபதாம் கல்யாணத்தில் எடுத்த 900 படங்களும் அப்படித்தான். ஒன்றைச் சுவரில் மாட்ட வேண்டும் என்று அப்பா கேட்டார்; இன்னும் மெமரி கார்டிலேயே கிடக்கின்றன. மாதம் 7,500 வீதம் 24 தவணையில் ஃபுல் ஃபிரேம் (பெரிய சென்சார்) கேமரா வாங்க ஆசை, மனைவி மறுக்கிறார். செலவைப் பார்ப்பதா, ஆர்வத்தைப் பார்ப்பதா?

பதில்: மொத்தம் 1,80,000 ரூபாய். அந்தக் கணக்கை உங்கள் மனைவி போட்டுவிட்டார். நான் கார்டுக்கு வருகிறேன். பெற்றவர் வாய்விட்டுக் கேட்ட ஒரு படம், தபால்தலை அளவு கார்டில், வேறு நகல் இல்லாமல், ஒரு வருடமாகவா கிடக்கிறது? கார்டு ஒருநாள் திறக்காமல் போனால் மறுபடி தாலி கட்டச் சொல்வீர்களா? இதற்கு ஆர்வம் என்று பெயர் வைக்காதீர்கள், தம்பி.

இன்று ராத்திரியே கம்ப்யூட்டரில் ஒரு நகல், ஹார்ட் டிஸ்கில் ஒரு நகல். இரண்டிலும் படங்கள் திறக்கின்றனவா என்று பார்த்த பிறகே கார்டை ஃபார்மட் செய்யுங்கள். அதையும் கேமராவில் வைத்தே. 900-இல் 40 தேறினால் பெரிது. ஒன்றை 12-க்கு 18 அங்குலத்தில் பிரிண்ட் போடுங்கள். 6000-க்கு 4000 பிக்சல் அதற்குத் தாராளம். திரையில் பெரிதாக்கிப் பார்த்து நீங்கள் பதறும் நாய்ஸ், சுவரில் பெரும்பாலும் கண்ணில் படாது.

கோளாறு லென்ஸில் இருக்கிறது. கிட் லென்ஸ் 55-இல் எஃப்/5.6-தான் திறக்கும்; இந்த எஃப் எண் குறையக் குறைய வெளிச்சம் கூடும். 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸ் அதைப்போல் கிட்டத்தட்ட பத்து மடங்கு வெளிச்சம் விடும்; 1/15 நொடியில் ஷேக் ஆன படத்தை அதே ஐஎஸ்ஓவில் (கேமராவின் ஒளி உணர்திறன் அளவு) 1/125-இல் எடுக்கலாம். ஆனால் 1.8-இல் இருவர் முன்பின்னாக நின்றால் ஒரு முகம் மங்கும், 2.8 வையுங்கள். சின்னக் கூடத்தில் 50 போட்டால் முதுகு சுவரில் முட்டும். ஒரு வாரம் ஜூமை 35-இலேயே வைத்து எடுங்கள், அடுத்த வாரம் 50-இல். எது கைக்குப் பழகுகிறதோ அந்த ஒரு லென்ஸை மட்டும் வாங்குங்கள், கைக்காசில்.

ஃபுல் ஃபிரேம் செலவு கேமரா பாடியோடு நிற்காது. இப்போதைய லென்ஸை அதில் மாட்டினால் சென்சாரின் நடுப்பகுதிதான் பயன்படும். அதுவும் 24 மெகாபிக்சல் என்றால் பத்தாகச் சுருங்கும். அப்புறம் லென்ஸுக்கு ஒரு தவணையா?

பிரிண்டை மாட்டிவிட்டு, ஞாயிறு விடியலில் கீழக்குயில்குடி சமணர் மலைக்குப் போங்கள். வெயில் ஏறுமுன் தாமரைக் குளத்தருகே கிட் லென்ஸே போதும். அப்பாவையும் கூட்டிப் போங்கள்.