வெள்ளை பெஜோ: ஸ்டிக்கரை விடுங்கள், சீட் போஸ்டைக் கழற்றிப் பாருங்கள்

பாரிஸில் வசிக்கும் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைத் தெருச் சந்தையில் பிரெஞ்சுக் கம்பெனியான பெஜோவின் வெள்ளை ரேஸ் சைக்கிள் ஒன்றைப் பார்த்தாராம். குழாய்கள் சேரும் மூட்டுகளில் மட்டும் கறுப்பு வண்ணம், சீட்டுக்குக் கீழே 'ரேனால்ட்ஸ் 531' ஸ்டிக்கர், அதாவது வலுவான கலப்பு உருக்குக் குழாய் என்ற முத்திரை. "70களின் தொடக்கத்து பி.எக்ஸ்-10, 300 யூரோ" என்று விற்பவர் சொல்கிறாராம் (பி.எக்ஸ்-10 பெஜோவின் பந்தய மாடல்). "பார்த்தவுடனே தெரியுது அண்ணா, அந்த வண்டியேதான். வாங்கலாமா? வாங்கினால் வேலைக்கு ஓட்டிக்கொண்டு போகலாமா?" என்று கேட்கிறார். நான்கு படங்களும் அனுப்பியிருக்கிறார். அடுத்த ஞாயிறும் அந்த ஆள் வருவாராம்.

தம்பி, அந்தப் 'பார்த்தவுடனே தெரியுது'தான் எனக்கு உறுத்துகிறது. நூறு அடி தள்ளி நின்றே அடையாளம் சொல்லக்கூடிய பழைய ரேஸ் சைக்கிள்கள் சில உண்டு. லண்டன் ஹெட்சின்ஸ் வண்டியில் பின்சக்கரத்தைப் பிடிக்கும் குழாய்கள் பாம்பு மாதிரி வளைந்திருக்கும். அது உலோகத்திலேயே இருக்கிற வளைவு, யாரும் வீட்டில் உட்கார்ந்து செய்துவிட முடியாது. இத்தாலியின் பியாங்கிக்கு அடையாளம் அந்த வெளிர் பச்சை கலந்த நீலம். அதற்கு ஒரு டப்பா பெயின்ட் போதும். உங்கள் வெள்ளை பெஜோவும் பெயின்ட் டப்பா வகைதான். வெள்ளை நிறம் பெஜோவின் மலிவு மாடல்களிலும் வந்தது. மூட்டுகளில் கறுப்பு அடிக்க ஒரு மெல்லிய பிரஷும் ஒரு மாலைப்பொழுதும் இருந்தால் ஆயிற்று. 531 ஸ்டிக்கரைப் புதிதாக அச்சிட்டு இணையத்தில் விற்கிறார்கள்.

இவ்வளவு மெனக்கெட்டு ஏன் போலி செய்ய வேண்டும்? அந்தப் பேருக்கு மதிப்பு உண்டு. டாம் சிம்ப்சன் 1964இல் மிலான்–சான் ரெமோ பந்தயத்தை வென்றது பெஜோ அணியில். எடி மெர்க்ஸ் இளைஞராக 1966, 67 இரண்டு வருடமும் அதே பந்தயத்தை வென்றதும் பெஜோவுக்காக. பெர்னார் தெவனே 1975இலும் 77இலும் டூர் டி பிரான்ஸ் ஜெயித்தார், அவரும் பெஜோக்காரர். கறுப்பு-வெள்ளைக் கட்டம் போட்ட அந்த அணி ஜெர்சியைச் சைக்கிள் பைத்தியங்களிடம் காட்டினால் கண் கலங்குவார்கள். கடையில் போய் வாங்கக்கூடிய வண்டிகளில் அந்தப் பந்தய வண்டிக்குக் கிட்டத்தில் இருந்தது பி.எக்ஸ்-10.

சரி, ஞாயிற்றுக்கிழமை என்ன பார்ப்பது? ஒரு வெர்னியரும் (விட்டம் அளக்கும் கருவி) நாலைந்து ஸ்பேனரும் எடுத்துக்கொண்டு போங்கள். சீட் கிளாம்ப் போல்ட்டைத் தளர்த்தி, சீட்டோடு சேர்த்து சீட் போஸ்டை, அதாவது சீட்டைத் தாங்கும் தண்டை, உருவி எடுங்கள். விற்கிறவர் ஒரு மாதிரி பார்ப்பார், பரவாயில்லை. உள்ளே இருந்த பகுதியில் வெர்னியரை வைத்து அளந்தால், அசல் பி.எக்ஸ்-10 என்றால் 26.4 மி.மீ. காட்ட வேண்டும். பெரும்பாலும் போஸ்டிலேயே அந்த எண் பொறித்திருக்கும்.

இந்த ஓர் எண் எப்படி வண்டியின் ஜாதகத்தையே சொல்கிறது? பிரெஞ்சு சைக்கிள் சட்டங்களில் (ஃபிரேம்), போஸ்ட் இறங்கும் சீட் குழாயின் வெளி விட்டம் 28 மி.மீ. நல்ல வண்டி, மலிவு வண்டி இரண்டுக்கும் அதே அளவு. வித்தியாசம் குழாய்ச் சுவரின் கனத்தில். 531 கலப்பு உருக்கு வலுவானது என்பதால் சுவரை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக இழுக்க முடிந்தது. சாதாரண உருக்கில் அந்த வலு வர வேண்டுமென்றால் சுவர் தடிக்க வேண்டும். சுவர் தடித்தால் உள் துளை சுருங்கும், போஸ்டும் மெலியும். 24, 25 என்று காட்டினால் மேலே என்ன ஸ்டிக்கர் ஒட்டியிருந்தாலும் அது பி.எக்ஸ்-10 இல்லை. குழாயைத் தட்டி ஓசையை வைத்தே சொல்லிவிடுவேன் என்பவர்களும் உண்டு. அவர்கள் தட்டட்டும், நீங்கள் அளந்துகொள்ளுங்கள்.

ஒன்று மட்டும் கவனம். பெஜோவின் பி.ஆர்-10 என்ற, ஒரு படி கீழான மாடலில் முக்கியமான மூன்று குழாய்கள் மட்டும் 531. சீட் குழாய் அதில் அடக்கம், ஆகவே போஸ்ட் மட்டும் முடிவாகாது. ஸ்டிக்கர் அசலாக இருந்தால் அதில் உள்ள சிறு எழுத்தைப் படியுங்கள். மூன்று குழாய் என்றோ, ஃபோர்க்கும் (முன்சக்கரத்தைப் பிடிக்கும் கவை) சேர்த்தா என்றோ பிரெஞ்சில் எழுதியிருக்கும். பி.ஆர்-10 கெட்ட வண்டி இல்லை, விலைதான் குறைய வேண்டும்.

(இடையில் ஒரு சங்கதி: 531 செய்த பர்மிங்காமின் ரேனால்ட்ஸ் 1928இல் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் குழுமத்தில் சேர்ந்தது. 1949இல் முருகப்பா குழுமத்தோடு சேர்ந்து சென்னையில் டி.ஐ. சைக்கிள்ஸ் தொடங்கியதும் அதே குழுமம். ஊரில் அப்பா ஓட்டிய ஹெர்குலிஸுக்கு உங்கள் பெஜோ தூரத்துச் சொந்தம்.)

அடுத்து, பின்சக்கர அச்சு உட்காரும் தகடு. அசலில் அது காய்ச்சி அடித்துச் செய்த கனத்த துண்டு, கியர் மாட்டும் காதும் அதோடு ஒன்றாகவே இருக்கும். மலிவு வண்டியில் வெட்டிய மெல்லிய தகடும், தனியாகத் திருகி வைத்த காதும் இருக்கும். நீங்கள் அனுப்பிய மூன்றாவது படத்தில் அது கனத்த துண்டு போலத்தான் தெரிகிறது, நல்ல அறிகுறி. கிராங்கும் (பெடல் மாட்டும் கை) காட்டர் பின் என்ற ஆப்பு ஆணி போடாத ஸ்ட்ராங்லைட் அலுமினியக் கிராங்க். ஆனால் கிராங்கை யாரும் மாற்றி மாட்டலாம். மஃபாக் பிரேக்கையும் சிம்ப்ளெக்ஸ் கியரையும் சாட்சிக்குக் கூப்பிட வேண்டாம், மலிவு பெஜோக்களிலும் அவை உண்டு.

அசலா என்பதைவிட முக்கியம் அடிபட்டதா என்பது. ஹேண்டிலுக்குக் கீழே, முன் மூட்டிலிருந்து இரண்டு விரற்கடை பின்னால், மேல் குழாய், கீழ்க் குழாய் இரண்டின் அடிப்பக்கத்தையும் கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவுங்கள். பெயின்ட் சுருக்கம் விழுந்து ஒரு சிறு மேடு தட்டுப்பட்டால், வண்டி எங்கேயோ நேருக்கு நேர் மோதியிருக்கிறது. 531ஆக இருந்தாலும் நன்றி சொல்லிவிட்டு நடையைக் கட்டுங்கள். போஸ்ட் உருவ வராமல் சிக்கிக்கொண்டிருந்தாலும் அப்படித்தான். அலுமினியமும் உருக்கும் துருவில் கட்டிப்பிடித்துக்கொண்டால் பிரிப்பது பெரும் பாடு.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். ஓட்டலாம், வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றே அல்ல. முதலில் ஹேண்டில் ஸ்டெம், அதாவது ஹேண்டிலை ஃபோர்க்கோடு இணைக்கும் துண்டு. அதில் ஏ.வி.ஏ. என்று பொறித்திருந்தால் யோசிக்காமல் மாற்றுங்கள். ஃபோர்க்குக்குள் இறங்கும் தண்டில் உள்ள பிளவின் முனையில் விரிசல் விட்டு உடைவதில் அது பேர் போனது. ஓடும்போது ஹேண்டில் கையோடு வந்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. மாற்று ஸ்டெம் வாங்கும்போது தண்டு 22.0 மி.மீ. எனக் கேளுங்கள். கடையில் சாதாரணமாகக் கிடைப்பது 22.2, உள்ளே போகாது. சுத்தியால் இறக்கப் பார்க்காதீர்கள்.

பழைய பிரெஞ்சு வண்டியில் எல்லாமே இந்தக் கதைதான், மரை ஒன்றுகூட மற்ற ஊரோடு ஒத்துப்போகாது. பெடல் மரை 14 மி.மீ., மற்றவர்களுக்கு ஒன்பதின் கீழ் பதினாறு அங்குலம், அதாவது 14.29. பெடல் அச்சில் எல், ஆர் என்றிருந்தால் ஆங்கில அளவு. கோஷ் (இடது), துருவாத் (வலது) என்பதன் முதலெழுத்துகளான ஜி, டி இருந்தால் பிரெஞ்சு. பின்சக்கர ஹப்பில் (நடுக் குடம்) திருகும் பல்சக்கரமான ஃப்ரீவீலில் இன்னும் மோசம்: ஆங்கில ஃப்ரீவீல் பிரெஞ்சு ஹப்பில் கொஞ்சம் தொளதொளவென்று ஏறிவிடும். ஏறுகிறதே என்று மிதித்தால் ஹப்பின் மரையையே சீவிக்கொண்டு போகும்.

நான் பட்டதையும் சொல்லிவிடுகிறேன். வருடங்களுக்கு முன் ஒரு ஸ்ட்ராங்லைட் கிராங்கைக் கழற்ற, கையிலிருந்த, அளவு சற்றுச் சிறிய புல்லரை (கிராங்கை இழுத்தெடுக்கும் கருவி) மாட்டினேன். நாலு மரை பிடித்தது, போதும் என்று முறுக்கினேன். டப்பென்று ஒரு சத்தம், அலுமினியச் சுருள் சுருளாகக் கையில் வந்தது. அந்தக் காலத்து ஸ்ட்ராங்லைட்டுக்கு வேண்டியது 23.35 மி.மீ. புல்லர். அந்தச் சுருள் ஒன்றை இன்னும் பெட்டியில் வைத்திருக்கிறேன்.

கிராங்குகளைத் தாங்கும் நடு அச்சின் வலது கப்பை (சட்டத்தில் திருகியிருக்கும் பேரிங் கிண்ணம்) நீங்களே தொட வேண்டாம். ஆங்கில வண்டியில் அது எதிர் மரை, பழைய பிரெஞ்சில் நேர் மரை. அப்புறம் வந்த பெஜோ சிலவற்றில் அளவு அதே, மரை மட்டும் மறுபடி எதிர். தெரியாமல் முறுக்கினால் கழற்றுகிறோம் என்று நினைத்து இறுக்கிக்கொண்டே இருப்போம். பழைய வண்டி பார்க்கும் மெக்கானிக்கிடம் விடுங்கள், பாரிஸில் அந்த வகை ஆட்களுக்குப் பஞ்சமில்லை.

டயர் விஷயம் சுருக்கமாக: அசல் சக்கரம் ரிம்மில் பசை போட்டு ஒட்டும் தையல் டயருக்கானது. வேலைக்குப் போகிற வழியில் பஞ்சரானால் தெருவோரம் ஒட்ட முடியாது. அந்தச் சக்கரங்களைப் பத்திரமாக எடுத்து வைத்துவிட்டு, டியூப் போடும் 700சி அளவுச் சக்கரம் ஒரு ஜோடி பழையதாகப் பாருங்கள். பின்பக்கம் ஹப் உட்காரும் இடைவெளி 120 மி.மீ.தான். இந்தக் காலத்து 130 மி.மீ. ஹப்பைச் சட்டத்தை விரித்துத் திணிக்காதீர்கள்.

விலை: போஸ்ட் 26.4, தகடு கனமானது, குழாயின் அடியில் சுருக்கம் இல்லை என்றால் 300 கொடுக்கலாம். ஸ்டெம் மாற்ற வேண்டும் என்று சொல்லி 250க்குக் கேட்டுப் பாருங்கள், உண்மைதானே. போஸ்ட் 24 என்றால் எனக்கு 100கூட அதிகம். அளந்த போஸ்டைப் படம் எடுத்து அனுப்புங்கள்.