மலேசியாவின் சபா மாநிலத்தில் கினபத்தாங்கான் ஆற்றோரம் காட்டு ஓராங் ஊத்தான் குரங்கை உறுதியாகப் பார்க்க முடியுமா? செபிலோக் மறுவாழ்வு மையத்துக்கு மட்டும் போனால் போதாதா?

பார்க்க முடியும். ஆனால் "கண்டிப்பாகக் காட்டுகிறோம்" என்று சொல்லிப் பணம் வாங்குகிறவர்களை மட்டும் நம்பாதீர்கள். எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள். 3 இரவு தங்கினேன், கடைசி மாலையில் 20 நிமிடம் கிடைத்தது.

நீங்கள் கோலாலம்பூரிலிருந்து பிள்ளைகளோடு போகிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். அப்படியானால் முதலில் செபிலோக் போங்கள், தப்பே இல்லை. 1964-இல் தொடங்கிய மறுவாழ்வு மையம். தாயை இழந்து வந்த குட்டிகளை வளர்த்துக் காட்டுக்குப் பழக்குகிறார்கள். காலை 10 மணிக்கும் மாலை 3 மணிக்கும் மேடையில் பழம் வைப்பார்கள், வருகிறவை வரும். பிள்ளைகளுக்கு அது போதும். காட்டில் தானாகத் திரிவதைப் பார்க்க வேண்டுமென்றால் ஆற்றங்கரையில் இருக்கும் சுக்காவ் கிராமம் வரை போக வேண்டும். சண்டாக்கான் நகரிலிருந்து இரண்டரை மணி நேரம். வழியெல்லாம் செம்பனை, அதாவது எண்ணெய்ப் பனைத் தோட்டங்கள்.

அந்தச் செம்பனையைப் பற்றித்தான் எனக்கு ஒரு எரிச்சல். வேனில் எங்களோடு ஒரு வெளிநாட்டுத் தம்பதி வந்தார்கள். ஒவ்வொரு தோட்டத்தைப் பார்த்தும் உச்சுக்கொட்டி, "இந்தத் தோட்டக்காரர்களுக்கு மனசாட்சியே கிடையாதா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார்கள். என் அப்பா பேராக் மாநிலத்துச் செம்பனைத் தோட்டத்தில் முப்பது வருஷம் குலை வெட்டியவர். அம்மா உதிரிப்பழம் பொறுக்கிச் சாக்கு நிரப்பியவர். நான் படித்தது அந்தக் காசில். தோட்டத்துக்கு வக்காலத்து வாங்குகிறான் என்று கருத்துப் பெட்டிக்குக் கிளம்பி வராதீர்கள். காடு அழிந்தது உண்மை, ஓராங் ஊத்தானுக்கு இடமில்லாமல் போனதும் உண்மை. ஆனால் அதை முடிவு செய்தவர் யார், கூலிக்குக் குலை வெட்டியவர் யார் என்று பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டாமா? எங்கள் தோட்டத்தையே வீடு கட்டுகிறவனுக்கு விற்றுவிட்டு, லயத்து வீட்டைக் காலி செய்ய 3 மாதம் கொடுத்தார்கள். கோயிலைக்கூட எடுத்துக்கொண்டு போகச் சொன்னார்கள். அதைப் பார்த்து உச்சுக்கொட்ட யாரும் வேன் பிடித்து வரவில்லை. சரி, கேட்டது அதுவல்ல.

படகோட்டி ஓராங் சுங்கை இனத்தவர், அதாவது ஆற்று மக்கள். ஓராங் என்றால் ஆள், ஊத்தான் என்றால் காடு, காட்டாள். இவர் ஆற்றாள். அவரே சொல்லிச் சிரித்தார். அவர் தேடியது குரங்கை இல்லை, கூட்டை. ஓராங் ஊத்தான் தினமும் சாயங்காலம் புதிதாக ஒரு கூடு கட்டிப் படுக்கும். இலை பச்சையாக இருந்தால் நேற்றையது, பழுப்பாக இருந்தால் பழையது. முதல் இரண்டு நாளும் பழுப்புக் கூடுகள்தான். நீள்மூக்குக் குரங்குகள் கூட்டங்கூட்டமாக வந்தன, நான் அவற்றைக் கண்டுகொள்ளவே இல்லை.

மூன்றாம் நாள் ஐந்தரை மணி. மழை தூறத் தொடங்கியது. எஞ்சினை அணைத்துவிட்டுக் கரையோரம் ஒரு அத்திமரத்தடியில் ஒதுங்கினோம். கிளை ஒடியும் சத்தம்தான் முதலில் கேட்டது. அப்புறம் ஒரு கை மட்டும் தெரிந்தது, நீண்ட செம்மயிர் நனைந்து திரிதிரியாகத் தொங்கியது. தாய், இடுப்பில் ஒரு குட்டி. அவள் ஒரு கிளையை வளைத்து, காலால் மிதித்துப் பிடித்து, அடுத்ததை அதன்மேல் மடித்தாள். குட்டி இறங்கி ஒரு சிறு கிளையை ஒடித்துத் தானும் மடிக்கப் பார்த்தது, வரவில்லை, கீழே போட்டது. மழை வலுத்ததும் தாய் ஓர் இலைக்கொத்தை ஒடித்துத் தலைமேல் பிடித்துக்கொண்டாள். மழைக்கு என் அம்மா கோணிச் சாக்கை மடித்துத் தலையில் போட்டுக்கொள்வது போலவே இருந்தது. உச்சுக்கொட்டிய தம்பதி மூச்சு விடாமல் உட்கார்ந்திருந்தார்கள். அந்த 20 நிமிடம் அவர்கள்மேல் எனக்குக் கோபமே வரவில்லை.

குட்டி ஆறேழு வருஷம் தாயோடுதான் இருக்கும் என்றார் படகோட்டி. அடுத்த பிள்ளை அதற்குப் பிறகுதான். இவற்றுக்கு நீந்தவும் தெரியாது. பெரிய மரங்களை வெட்டிவிட்டதால் ஓடைகளைத் தாண்ட இப்போது குறுக்கே கயிற்றுப் பாலம் கட்டியிருக்கிறார்கள். திரும்பும்போது ஒன்றைக் காட்டினார், துணி உலர்த்தும் கொடி மாதிரி இருந்தது.

படத்தை அப்பாவிடம் காட்டினேன். குரங்கு சரியாகத் தெரியவில்லை என்றார். பின்னால் தெரிந்த செம்பனையைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "ஓலை கழிக்காம விட்டிருக்கானுங்க" என்றார்.

குறைந்தது 3 இரவு தங்குங்கள். காலை 6 மணிப் படகையும் சாயங்காலப் படகையும் தவற விடாதீர்கள். சளி, இருமல் இருந்தால் கிட்டே போகாதீர்கள், நம் நோய் அவற்றுக்கும் தொற்றும். கைப்பேசியில் எடுத்தால் என் படம் மாதிரி பழுப்புப் பொட்டுதான் வரும், ஒரு தொலைநோக்கி இரவல் வாங்கிக்கொண்டு போங்கள்.