துலாத்தில் சூரியன், கிளையில் பழுத்த இலை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இலையுதிர் காலத்தையும் துலா ராசியையும் பற்றி அண்மையில் வந்த கடிதங்கள் ஒன்றையொன்று தொட்டுச் செல்வதால், அவற்றை ஒரே இடத்தில் தொகுத்துப் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: நான் அக்டோபர் இறுதியில் பிறந்தவள். என் ஜாதகத்தில் சூரியன் துலாத்தில் நீசம். “ஒளி தேய்கிற பருவத்தில் பிறந்திருக்கிறீர்கள், தன்னம்பிக்கை குறைவாகத்தான் இருக்கும்” என்று ஒரு ஜோதிடர் சொன்னது மனத்தில் முள்ளாகத் தைத்திருக்கிறது. பருவத்துக்கும் நீசத்துக்கும் உண்மையிலேயே தொடர்பு உண்டா?

பதில்: தொடர்பு உண்டு. ஆனால் அந்தத் தொடர்பிலிருந்து தன்னம்பிக்கைக் குறைவு என்ற முடிவுக்கு வர வழியில்லை.

சூரியன் மேஷத்தின் 10-ஆம் பாகையில் பரம உச்சமும், அதற்கு நேர் எதிரே துலாத்தின் 10-ஆம் பாகையில் பரம நீசமும் அடைகிறது என்பது நம் ஜோதிடம் படிப்பவர்கள் தொடக்கத்திலேயே மனப்பாடம் செய்யும் விதி. இதற்கான காரணத்தைக் கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த வானியலாளர் தாலமி, தம் ‘டெட்ராபிப்லோஸ்’ நூலில் எளிமையாக விளக்குகிறார். சூரியன் மேஷத்துக்கு வரும்போது வடபாதி உலகில் பகல் இரவை விஞ்சத் தொடங்கி வெப்பம் ஏறுகிறது. ஆகவே அங்கே உச்சம். துலாத்துக்கு வரும்போது இரவு பகலை விஞ்சுகிறது. ஆகவே அங்கே தாழ்வு. குளிர்ந்த இயல்புடைய சனிக்கு இந்தக் கணக்கு அப்படியே தலைகீழாகிறது: துலாத்தில் உச்சம், மேஷத்தில் நீசம். ஆக, இந்த விதி பருவத்தைக் கண்ணால் பார்த்தவர்கள் எழுதி வைத்த குறிப்பு. மனிதரின் குணத்துக்குக் கொடுத்த மதிப்பெண் என்று அதைப் படிக்கக் கூடாது.

‘நீசன்’ என்ற சொல்லை நாம் வசைச் சொல்லாகவும் வழங்குவதால் வந்த வினை பாதி. ஜோதிடத்தில் அச்சொல்லுக்குத் தாழ்ந்த இடம் என்பதற்கு மேல் பொருள் கிடையாது. இலையுதிர் காலத்தில் சூரியனிடம் ஒளி குறைவதும் இல்லை. ஏறத்தாழ 23.4 பாகை சாய்ந்து சுழலும் பூமியில் நாம் நிற்கும் பக்கம் அதனிடமிருந்து சற்றே விலகுகிறது, அவ்வளவுதான்.

இனி ஆன்மிகப் பொருளுக்கு வருவோம். சூரியன் ஆத்மகாரகன், ‘நான்’ என்ற உணர்வுக்கு உரியவன். துலாம், மேஷத்துக்கு ஏழாம் வீடு. அதாவது எதிரில் நிற்கும் மற்றவருடைய இடம். மேஷத்துச் சூரியன் ‘நான் சொல்கிறேன்’ என்று தொடங்குகிறது என்றால், துலாத்துச் சூரியன் ‘நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?’ என்று கேட்டுவிட்டுத்தான் வாய் திறக்கிறது. பொறுமைக்கும் நீதிக்கும் உரிய சனி அங்கே உச்சம் பெறுவதையும் சேர்த்துப் பார்த்தால், ‘நான்’ என்பதைத் தராசின் ஒரு தட்டில் வைத்து நிறுத்துப் பார்க்கும் பருவம் அது என்று விளங்கும். கேட்டுவிட்டுப் பேசுபவரைத் தன்னம்பிக்கை இல்லாதவர் என்று முடிவு கட்டுவது பார்ப்பவரின் அவசரம்.

மேலும், துலாத்துக்கு அதிபதியான சுக்கிரனோ அங்கே உச்சம் பெறும் சனியோ லக்னத்துக்கோ (பிறந்த நேரத்தில் கிழக்கே உதயமான ராசிக்கோ) சந்திரனுக்கோ கேந்திரத்தில், அதாவது 1, 4, 7, 10-ஆம் இடங்களில் இருந்தால் நீசபங்கம், அதாவது நீசத்தின் குறை நீங்குதல், உண்டு என்று பலரும் பலன் சொல்வர். அதைக்கூடப் பார்க்காமல் ஒரே கிரகத்தை வைத்து ஒருவருக்குத் தீர்ப்பு வழங்குவது ஜோதிடமாகாது. சூரியன் ஒரு ராசியில் ஏறக்குறைய ஒரு மாதம் இருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் அந்த ஒரு மாதத்தில் பிறக்கும் அத்தனை பேருக்கும் தன்னம்பிக்கை இல்லை என்றால் உலகம் எப்படி நடக்கும்?

கேள்வி: செப்டம்பர் 23-ஐ ஒட்டிச் சூரியன் துலாத்தில் நுழைந்து இலையுதிர் காலம் தொடங்குகிறது என்று மேலை ஜோதிடம் சொல்கிறது. நம் பஞ்சாங்கப்படியோ துலா மாதமாகிய ஐப்பசி அக்டோபர் 17 அல்லது 18-இல்தான் பிறக்கிறது. எது சரி?

பதில்: இரண்டும் தத்தம் அளவுகோலின்படி சரி. மேலை முறையாகிய சாயனம், பகலும் இரவும் சமமாகும் விஷுவப் புள்ளியிலிருந்து ராசிகளை அளக்கிறது. நம் நிராயன முறை நட்சத்திரங்களை அடிப்படையாகக் கொண்டு அளக்கிறது. பம்பரம் தலையாட்டுவதுபோல் பூமியின் அச்சு மெல்லச் சுழல்வதால், விஷுவப் புள்ளி நட்சத்திரங்களுக்கிடையே ஏறத்தாழ 72 ஆண்டுகளுக்கு ஒரு பாகை வீதம் பின்வாங்குகிறது. ஒரு முழுச் சுற்றுக்கு ஏறக்குறைய 26,000 ஆண்டுகள் ஆகும். இரு முறைகளுக்கும் இடையில் இப்படிச் சேர்ந்த இடைவெளிதான் அயனாம்சம்; நம் பஞ்சாங்கங்களில் பரவலாக வழங்கும் லாகிரி கணக்கின்படி இன்று அது ஏறத்தாழ 24 பாகை. சூரியன் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு பாகை நகர்வதால், நீங்கள் சுட்டிக்காட்டும் 24 நாள் வேறுபாடு அங்கிருந்துதான் வருகிறது.

இதிலிருந்து கிடைக்கும் விளைவைப் பலர் கவனிப்பதில்லை. இன்று சம இரவு நாளன்று, நிராயனக் கணக்குப்படி சூரியன் துலாத்தில் இல்லை. கன்னியில், உத்திர நட்சத்திரத்தில் நிற்கிறது. உச்ச நீச விதிகள் உருவான காலத்தில் ராசியும் பருவமும் ஒட்டியிருந்தன; பிறகு மெல்ல மெல்லப் பிரிந்துவிட்டன. இந்தப் பிரிவு முன்னோருக்குத் தெரியாததும் அல்ல. கி.பி. 6-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த வராகமிகிரர் ‘பிருகத் சம்ஹிதை’யில், தட்சிணாயனம் (சூரியனின் தெற்கு நோக்கிய பயணம்) ஒரு காலத்தில் ஆயில்யத்தின் பாதியில் தொடங்கியதாக முந்தைய சாத்திரங்கள் கூறுகின்றன, இப்போதோ கடகத்தின் தொடக்கத்தில் தொடங்குகிறது என்று எழுதி, இதை நேரில் கண்டு சோதித்துத் தெளியலாம் என்றும் சேர்க்கிறார். அவர் ‘இப்போது’ என்று சொன்னதும் நகர்ந்துவிட்டது. சூரியன் தெற்கே திரும்பும் ஜூன் 21-ஐ ஒட்டி, இன்று அது கடகத்துக்கு வந்து சேர்வதே இல்லை. மிதுனத்தின் முதல் பகுதியில்தான் இருக்கிறது.

என் கருத்து இது: ஜாதகப் பலனுக்கு நிராயன ராசியைப் பாருங்கள், பருவத்தின் பொருளை ஒளியிடமிருந்து, அதாவது அயனத்திலிருந்தும் விஷுவத்திலிருந்தும் பெறுங்கள். நிராயன ஜோதிடமும் ஷட்பலத்தில் (கிரகங்களின் ஆறு வகை வலிமைக் கணக்கில்) அயன பலம் கணக்கிடும்போது அயனாம்சத்தைக் கூட்டிச் சாயன நிலையைத்தான் எடுத்துக்கொள்கிறது. இயற்பியலாளர் மேகநாத சாகா தலைமையில் 1952-இல் அமைந்த குழுவின் பரிந்துரைப்படி 1957 முதல் நடைமுறைக்கு வந்த இந்திய தேசிய நாட்காட்டியும் பருவத்தையே பற்றிக்கொண்டது. அதில் ஆசுவின மாதம் செப்டம்பர் 23-இல் பிறக்கிறது.

கேள்வி: சரத் ருதுவுக்கு அதிபதி எந்தக் கிரகம்?

பதில்: புதன். வராகமிகிரரின் ‘பிருகத் ஜாதகம்’, பிறந்த காலம் தெரியாதவர்களுக்கு ஜாதகம் கணிக்கும் நஷ்ட ஜாதகப் பகுதியில் இந்தப் பங்கீட்டைத் தருகிறது: வசந்தத்துக்குச் (இளவேனில்) சுக்கிரன், கிரீஷ்மத்துக்குச் (முதுவேனில்) சூரியனும் செவ்வாயும், வர்ஷத்துக்குச் (கார்) சந்திரன், சரத்துக்குப் (கூதிர்) புதன், ஹேமந்தத்துக்குக் (முன்பனி) குரு, சிசிரத்துக்குச் (பின்பனி) சனி. மழை ஓய்ந்து, கலங்கிய நீர் தெளிந்து, வானம் துலக்கமாகும் பருவத்தைப் பகுத்தறியும் புதனிடம் ஒப்படைத்தது பொருத்தம்தான்.

கேள்வி: நான் தென்கோளத்தில் வாழ்கிறேன். இங்கே மார்ச் மாதத்தில்தான் இலை உதிர்கிறது. அப்படியானால் எனக்கு மேஷம்தான் துலாமா?

பதில்: இல்லை, ராசிகளை மாற்ற வேண்டாம். மேலை ஜோதிடர்களில் சிலர் அப்படிக் கவிழ்த்துப் பார்ப்பதுண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. கிரகம் எந்த ராசியில் இருக்கிறது என்பது பூமியின் எந்த மூலையிலிருந்து பார்த்தாலும் மாறாது. மாறுவது ராசிமானம், அதாவது ஒரு ராசி முழுவதும் உதயமாக எடுக்கும் நேரம்: வடகோளத்தில் விரைவாக உதயமாகும் ராசிகள் உங்கள் ஊரில் நின்று நிதானமாக உதயமாகும். ஆகவே லக்னக் கணிதத்தில் அட்சாம்சத்தை (அட்சரேகை அளவை) தெற்கு என்ற குறி தவறாமல் கொடுப்பது மிக முக்கியம். பருவ உருவகங்களை மட்டும் நீங்கள் திருப்பிக்கொள்ளலாம். விதிகளை எழுதியவர்கள் வடக்கே வாழ்ந்தவர்கள்; தாங்கள் கண்டதை எழுதினார்கள்.

கேள்வி: ஆண்டுதோறும் இலைகள் பழுக்கத் தொடங்கியதும் காரணமில்லாத ஒரு துக்கம் என்னைப் பற்றிக்கொள்கிறது. இது கிரக தோஷமா? உதிரும் இலைக்கு ஆன்மிகப் பொருள் ஏதும் உண்டா?

பதில்: முதல் கேள்விக்கு முதலில் பதில். பகல் குறையும் மாதங்களில் மனச்சோர்வு வந்து, பகல் நீளும்போது விலகுவது மருத்துவம் நன்கறிந்த ஒரு நிலை. அதற்குச் சிகிச்சையும் உண்டு. தூக்கமும் பசியும் மாறி, வாரக்கணக்கில் சோர்வு நீடிக்குமானால் தயங்காமல் மருத்துவரைப் பாருங்கள். இதற்குப் பரிகாரம் எழுதித் தர நான் விரும்பவில்லை.

இரண்டாம் கேள்விக்கு, இலை உதிர்ந்த ஒரு சிறு குச்சியைக் கையில் எடுத்துப் பாருங்கள். காம்பு ஒட்டியிருந்த இடத்தில் ஒரு தழும்பு இருக்கும். அது திறந்த காயமாக இராது, வழவழப்பாக மூடியிருக்கும். இலை பிரியும் முன்பே மரம் அங்கே ஒரு தனிப் படலத்தை வளர்த்துத் தன்னை மூடிக்கொள்கிறது. அதற்கும் முன்பு, பச்சையத்தைச் சிதைத்து, இலையிலிருந்த தழைச்சத்தில் பெரும்பங்கைக் கிளைக்கும் தண்டுக்கும் திருப்பி எடுத்துக்கொள்கிறது. நாம் காணும் மஞ்சள் புதிதாகப் பூசியதன்று. பச்சையத்தின் அடியில் கோடை முழுவதும் இருந்த நிறம்தான் அது. கொடுக்க வேண்டியதைக் கொடுத்து, வாங்க வேண்டியதை வாங்கி, கணக்குத் தீர்ந்த பிறகே இலை விடைபெறுகிறது. தராசைச் சின்னமாகக் கொண்ட ராசியை இந்தப் பருவத்தின் வாசலில் வைத்தவர்கள் இதையும் பார்த்திருப்பார்களோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

அந்தத் தழும்புக்குச் சற்று மேலே விரலை நகர்த்துங்கள். அரிசிமணி அளவில், செதில்கள் இறுக மூடிய ஒரு மொட்டு தட்டுப்படும். அடுத்த ஆண்டின் தளிர் அதற்குள் இருக்கிறது. பழைய இலை பச்சையாக இருந்த கோடையிலேயே அது உருவாகிவிட்டது. துலாத்துக்கு அடுத்த விருச்சிகத்தை மறைவின் ராசி என்கிறோம், மேஷத்துக்கு எட்டாம் வீடு என்று பலர் அஞ்சவும் செய்கிறோம். மறைந்திருக்கும் அந்த மொட்டைப் பார்த்த பிறகு அவ்வளவு அஞ்சத் தோன்றாது.

கேள்வி: பருவச் சுழற்சியைத் தியானமாகக் கொள்ள எளிய வழி ஏதேனும் உண்டா?

பதில்: உண்டு, அதற்கு மந்திரமோ ஆசனமோ தேவையில்லை. செப்டம்பர் 22 அல்லது 23-இல் அதிகாலையில் எழுந்து, தினமும் நிற்கக்கூடிய ஓர் இடத்தில் நின்று, தொடுவானத்தில் எந்த மரத்துக்கு அல்லது எந்தக் கூரைக்கு நேராகச் சூரியன் முளைக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அன்று அது நேர்கிழக்கில் உதிக்கும். விளிம்பு தெரிந்தவுடன் பார்வையை விலக்கிவிடுங்கள். ஏறிய சூரியனை வெறுங்கண்ணால் பார்க்கக் கூடாது. ஒரு வாரம் கழித்து அதே இடத்தில் நின்றால், சூரியனின் அகலத்தைப்போல் ஐந்து மடங்குக்கும் மேலாக அது தெற்கே நகர்ந்திருப்பதைக் காண்பீர்கள். சமநிலை என்று நாம் போற்றும் அந்த நாட்களில்தான் சூரியன் ஆண்டிலேயே மிக விரைவாகத் திசை நகர்கிறது. நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 50 பாகையில் இருக்கும் ஊரில் பகல் நாளொன்றுக்கு ஏறத்தாழ 4 நிமிடம் குறையும். தராசின் முள் நடுவில் நிற்பதுபோலத் தோன்றும் கணத்தில் தட்டுகள் மிக வேகமாக அசைந்துகொண்டிருக்கின்றன.

குறிப்பேட்டில் வாரம் ஒருமுறை எழுதி வாருங்கள். நவம்பரில் நகர்வு சுருங்கும். டிசம்பர் 21-ஐ ஒட்டி அதே இடத்தில் நின்றால், ஒரு வாரம் கடந்த பின்னும் சூரியன் அதே கூரைக்கு மேல்தான் முளைக்கும்.