ரீயூனியன் தீவில் ரோடே இல்லாத மஃபாத் மலையூர்களில் மக்கள் எப்படி வாழ்கிறார்கள்?

எனக்குச் சொந்த ஊர் காரைக்கால். இந்தியப் பெருங்கடலில் பிரான்சுக்குச் சொந்தமான ரீயூனியன் தீவில், சான்-போல் ஊருக்கு வந்து 18 வருஷம் ஆகிறது. மஃபாத்துக்குத் தனி நகராட்சி கிடையாது. மார்லா என்ற குடியிருப்பு எங்கள் சான்-போலோடு சேர்ந்தது, லா நூவெல் பக்கத்து லா பொசெசியோனோடு சேர்ந்தது. நானும் மார்லாக்காரரும் ஒரே நகராட்சிதான், ஆனால் மார்லாவில் இருப்பவரைப் பார்க்க நான் மலையேறி இறங்கியாக வேண்டும்.

சுமார் 100 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள ஒரு பெரிய மலைக்கிண்ணத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். சுற்றிலும் செங்குத்துச் சுவர்கள், உள்ளே ஆழமான பிளவுகள். பிளவுகளுக்கு நடுவே தப்பித்து நிற்கும் சமதளத் துண்டுகளை இங்கே ‘இலெத்’ என்பார்கள், குட்டித்தீவு என்று அர்த்தம். அப்படிப்பட்ட துண்டுகளில் மொத்தமாக ஏழெட்டு நூறு பேர் வாழ்கிறார்கள்.

நானும் மச்சானும் பக்கத்து மலைக்கிண்ணமான சலாசி பக்கமிருந்து போனோம். அங்கே வழியெல்லாம் பந்தல் பந்தலாகச் சௌசௌ. கோல் தே பேஃப் கணவாயிலிருந்து லா நூவெலுக்கு இறங்க இரண்டு மணி நேரம். நடுவில் ‘டமாரின்’ மரங்கள் நிற்கும் பசும்புல்வெளி வரும். பேரைப் பார்த்துப் புளியமரம் என்று நினைத்துவிடாதீர்கள், அது வேலமரக் குடும்பத்தைச் சேர்ந்தது.

தங்கிய வீட்டில் ஒரு பாட்டி கல்லுரலில் மிளகாய் இடித்துக்கொண்டிருந்தார். இடிக்கிற கல்லுக்கு என்ன பேர் என்று தீவு மக்களின் பேச்சுமொழியான கிரியோலில் கேட்டேன். “கலூ” என்றார். மச்சான் என் தோளைப் பிடித்து, “மாமா, நம்ம கல்லுதான் மாமா!” என்றான். அவர் இடித்த துவையலுக்குப் பேர் ‘ருகாய்’. அதுவும் நம் ஊறுகாய்தான். அந்தப் பாட்டிக்குத் தமிழ் ஒரு வார்த்தைகூடத் தெரியாது. கீழே கரும்புத் தோட்டங்களுக்கு வந்த நம் ஆட்களின் சொல், ரோடு ஏறாத இடத்துக்கும் ஏறியிருக்கிறது. எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

இங்கே முதலில் வந்தவர்கள் தோட்டங்களிலிருந்து தப்பி ஓடிய அடிமைகள், பெரும்பாலும் மடகாஸ்கர்காரர்கள். மஃபாத் என்பதே அப்படித் தப்பிய ஒரு தலைவனின் பேர். 18ஆம் நூற்றாண்டில் அவர்களை வேட்டையாடவே கூலிப்படைகள் இருந்தன. அடிமைமுறை 1848இல் ஒழிந்தது. நிலமில்லாத ஏழை வெள்ளையர்களும் இங்கே குடியேறினார்கள். இன்றைக்கு இருப்பவர்கள் இந்த இரண்டு வழியிலும் வந்த கலப்பு.

அரிசி, சமையல் கேஸ், சிமெண்ட் எல்லாம் ஹெலிகாப்டருக்குக் கீழே வலையில் தொங்கி வரும். அவசர நோயாளியையும் அதுதான் தூக்கிப்போகும். மின்சாரம் சூரியத்தகட்டில். தபால் மட்டும் ரொம்ப காலம் காலால்தான் வந்தது. இவ்ரின் போசே என்ற தபால்காரர் சுமார் 40 வருஷம் இந்த மலைகளை நடந்தே சுற்றினார். ரீயூனியனில் அவர் பேர் தெரியாதவர்கள் குறைவு.

என்னை உறுத்துகிற விஷயம் ஒன்று உண்டு. நிலம் இவர்களுடையது இல்லை. அது மாவட்ட நிர்வாகத்துக்குச் சொந்தமான காடு, வனத்துறை பார்த்துக்கொள்கிறது. தலைமுறை தலைமுறையாக வாழ்கிறவர்கள் வாடகைதாரர்களாகத்தான் இருக்கிறார்கள். ஆரம்பப் பள்ளி உள்ளேயே இருக்கிறது. அதற்கு மேல் படிக்கப் பிள்ளைகள் 11 வயசில் வெளியே போயாக வேண்டும். பாட்டியின் பேரனும் அப்படிப் போனவன்தான். அவனுடைய கட்டிலில்தான் நான் படுத்தேன். தலைமாட்டில் அவன் பள்ளிக்கூட நோட்டுகளை அடுக்கியே வைத்திருந்தார்.

நீங்கள் போவதாக இருந்தால், ஒரு நாளில் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பாமல் அங்கே ஒரு வீட்டில் ராத்தங்குங்கள், அந்த வருமானம்தான் அவர்களுக்கு. குப்பையை மறக்காமல் பையில் திருப்பிக் கொண்டுவாருங்கள். நீங்கள் விட்டுவரும் பிளாஸ்டிக் பாட்டிலையும் ஹெலிகாப்டர்தான் வெளியே தூக்க வேண்டும்.