ஜப்பானிய மரக்கட்டை அச்சு ஓவியங்களில் கவிதை இருக்கிறதே, அது ஓவியத்துக்கு விளக்கமா?

நானும் வெகுநாள் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் பல ஓவியங்களுக்குக் காசு போட்டவர்களே கவிஞர்கள்தான்.

எதோ நகரம் (இன்றைய டோக்கியோ), 1765. அன்றைய நாட்காட்டியில் சில மாதங்களுக்கு 30 நாள், சிலவற்றுக்கு 29. எது எது என்பது ஆண்டுதோறும் மாறும். நாட்காட்டி அச்சிடும் உரிமையோ சிலரிடம் மட்டுமே இருந்தது. 'ஹைக்காய்' என்ற குறுங்கவிதை எழுதும் வசதியுள்ள கவிஞர்கள் மாத எண்களைப் படத்துக்குள் ஒளித்துவைத்து அச்சிட்டுத் தங்களுக்குள் பரிமாறிக்கொண்டார்கள். சுசுகி ஹருநோபு வரைந்த ஒன்றில் திடீர் மழை. காயும் துணியை எடுக்க ஒரு பெண் ஓடுகிறாள், மரச்செருப்பு ஒன்று காலைவிட்டுக் கழன்றுவிட்டது. தொங்கும் கிமோனோவின் பூவேலையை உற்றுப் பாருங்கள், அது பூவேலை அல்ல: 2, 3, 5, 6, 8, 10. அந்த ஆண்டின் நீண்ட மாதங்கள்! யாருடையது அழகு என்ற இந்தப் போட்டியில்தான், நிறத்துக்கு ஒரு கட்டை வீதம் செதுக்கும் பலவண்ண அச்சு வளர்ந்தது.

கவிதை படத்தோடு இழைந்து நிற்பதற்குக் காரணம் தொழில்நுட்பம். ஒருமுறை நான் ரப்பர் கட்டையில் 'மழை' என்று செதுக்கி மை தடவி ஒற்றினேன். எழுத்தெல்லாம் இடவலம் மாறி விழுந்து வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். ஜப்பானியச் செதுக்குநருக்கு இந்தத் தொல்லை இல்லை. தூரிகையால் எழுதிய மெல்லிய தாளைக் கவிழ்த்துச் செர்ரிமரப் பலகையில் ஒட்டி, தாளோடு சேர்த்துச் செதுக்கிவிடுவார். அச்சு கோக்கும் வேலையே கிடையாது. எழுத்தும் கிளையும் ஒரே தூரிகைக் கோடு. வரி எங்கே வளைய வேண்டுமோ அங்கே வளையும்.

இதன் உச்சம் 'சுரிமோனோ'. 'கியோக்கா' என்ற 31 அசைக் குறும்புக் கவிதை எழுதும் குழுக்கள், பெரும்பாலும் புத்தாண்டுக்காக, ஹொக்குசாய் போன்றோரை வரையச் சொல்லி அச்சிட்ட தாள்கள் இவை. கடையில் விற்பதற்கல்ல, நண்பர்களுக்கு. செலவைப் பற்றிக் கவலையில்லாததால் தடித்த தாள், உலோகப் பொடி மினுமினுப்பு. எனக்குப் பிடித்தது 'கராசுரி': மை தடவாமலே கட்டையின் மேல் தாளை வைத்து அழுத்தித் தேய்ப்பார்கள். கொக்கின் இறகோ பனியோ வெறும் மேடுபள்ளமாகத் தாளில் எழும்பி நிற்கும். அதைப் பார்க்கத் தாளைக் கையில் எடுத்து வெளிச்சத்துக்குச் சாய்க்க வேண்டும். கணினித் திரையில் அந்த இடம் பெரும்பாலும் வெற்றுத் தாளாகத்தான் தெரிகிறது.