சாம்பல் பள்ளத்தாக்குக்கு ஏழாம் நம்பர் ரயில்

தம்பி, நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: விருதுநகரிலிருந்து நியூயார்க்கின் ஃப்ளஷிங்குக்கு வந்து ஏழு மாதம். பதினோராம் வகுப்பு படிக்கும் மகளுக்கு 'தி கிரேட் கேட்ஸ்பி' நாவலை வைத்து "சாம்பல், வர்க்கம், புத்துயிர்" என்று ஐந்து பக்கக் கட்டுரை கொடுத்திருக்கிறார்கள். கணக்கில் நூறு வாங்குகிற பிள்ளை இதற்கு உட்கார்ந்து அழுகிறாள். "சாம்பல்னா நம்ம விபூதி மாதிரிம்மா, எல்லாரும் கடைசியில இதுதான்னு எழுது" என்று சொல்லிக்கொடுத்தீர்கள். அது சரியா, இல்லை டியூஷன் வைக்க வேண்டுமா?

டியூஷன் வேண்டாம். விபூதியும் வேண்டாம். இதைப் பட்டுத்தான் சொல்கிறேன். 2009இல் என் மகனுக்கு இதே நாவல் வந்தது. நானும் இதே விபூதியைத்தான் பூசிவிட்டேன். "முடிசார்ந்த மன்னரும்" கடைசியில் ஒரு பிடி சாம்பல்தான் என்று பட்டினத்தாரை அவனுக்கு ஆங்கிலத்தில் சொல்லி, அவனும் பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டு போனான். திரும்பி வந்த தாளில் ஓரமாக ஒரே ஒரு கேள்வி: "இது புத்தகத்தில் எங்கே இருக்கிறது?" மதிப்பெண் சி. நான் ஆசிரியருக்குக் கோபமாக ஒரு மின்னஞ்சல் எழுதினேன், நல்லவேளை, அனுப்பவில்லை. பிறகுதான் நாவலை எடுத்து நானே படித்தேன்.

படித்ததும் புரிந்தது. பட்டினத்தாரின் சாம்பல் எல்லோரையும் ஒன்றாக்கும் சாம்பல். அந்த நாவலின் சாம்பல் ஆட்களைப் பிரிக்கிற சாம்பல். யார் மேல் படுகிறது, யார் மேல் படவில்லை என்பதுதான் கதை.

கதை நடப்பது 1922 கோடையில், புத்தகம் வந்தது 1925இல். எழுதிய ஸ்காட் ஃபிட்ஸ்ஜெரால்ட் 1922 அக்டோபரிலிருந்து 1924 வரை லாங் ஐலண்டில், கிரேட் நெக்கில் குடியிருந்தார். அங்கிருந்து மேன்ஹாட்டனுக்குப் போகிற வழியில்தான் கொரோனா என்ற இடத்துச் சாம்பல் கிடங்கு. புரூக்ளின் வீடுகளில் குளிருக்கு நிலக்கரி எரிப்பார்கள். அந்தச் சாம்பலை ரயில் பெட்டிகளில் அள்ளிவந்து இங்கே கொட்டுவார்கள். மலையாகக் குவிந்த ஒரு மேட்டுக்கு 'மவுன்ட் கொரோனா' என்றே கேலியாகப் பெயர். அதாவது சூடு ஒருத்தர் வீட்டில், சாம்பல் இன்னொருத்தர் வாசலில். ஃபிட்ஸ்ஜெரால்ட் அதைப் பார்த்துத்தான் 'சாம்பல் பள்ளத்தாக்கு' என்று இரண்டாம் அத்தியாயத்தைத் தொடங்குகிறார். நாவலுக்கே சாம்பல் மேடுகளையும் கோடீஸ்வரர்களையும் சேர்த்து ஒரு தலைப்பு வைக்கலாமா என்று யோசித்தவர் அவர்.

உங்கள் மகளை அந்த அத்தியாயத்தின் முதல் சில பக்கங்களை மட்டும் நாலு தடவை படிக்கச் சொல்லுங்கள். அங்கே சாம்பல் கோதுமை மாதிரி விளைகிறது என்கிறார். விளைநிலத்தின் பேச்சையே எடுத்து எதுவும் விளையாத மண்ணுக்குப் போடுகிறார். இன்னொரு இடம், எனக்கு மிகவும் பிடித்தது: படகு போவதற்காகப் பாலத்தைத் தூக்கிவிட்டால் ரயில் நின்றுவிடும், பயணிகள் அரைமணி நேரம்கூட அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். கடந்து போய்விடலாம் என்று நினைக்கிறவனை உட்கார வைத்துக் காட்டுகிற பாலம்!

அங்கே கார் ஷெட் வைத்திருப்பவர் ஜார்ஜ் வில்சன். அவர் உடுப்பு, தலைமுடி, சுற்றியுள்ள எல்லாவற்றின் மேலும் சாம்பல் தூசு படிந்திருக்கிறது, மனைவி மிர்ட்டிலைத் தவிர என்று ஒரு வரி வரும். அந்த "தவிர" என்ற சொல்லை மகள் பிடித்துக்கொண்டாலே இரண்டு பக்கம் எழுதிவிடலாம். மிர்ட்டில், டாம் புக்கனன் என்ற பரம்பரைப் பணக்காரனோடு பழகுகிறவள். அவனோடு ஒட்டிக்கொண்டால் இந்தச் சாம்பலிலிருந்து ஏறிவிடலாம் என்று நினைக்கிறாள். ஏழாம் அத்தியாயத்தில் கார் மோதி அதே சாலையில் விழுகிறாள், அவள் ரத்தம் அதே புழுதியில் கலக்கிறது. ஓட்டிவந்தது டாமின் மனைவி டெய்சி. கார் அவளைக் காதலிக்கும் கதாநாயகன் கேட்ஸ்பியுடையது. எட்டாம் அத்தியாயத்தில், ஓட்டியது கேட்ஸ்பிதான் என்று நம்பி வில்சன் துப்பாக்கியோடு கேட்ஸ்பியின் நீச்சல்குளத்துக்கு வரும்போது அவரைச் சாம்பல் நிற உருவம் என்றுதான் எழுதுகிறார். சாம்பல் பணக்கார வீட்டுப் படி ஏறுவது அந்த ஒரே தடவைதான். அப்போதும் அது தீர்ப்பது யாரை? இன்னொரு ஏழை வீட்டுப் பையனை. டாமும் டெய்சியும் பெட்டி கட்டிக்கொண்டு ஊரைவிட்டுப் போய்விடுகிறார்கள்.

கேட்ஸ்பி ஏழை வீட்டுப் பையன் என்பதில்தான் 'புத்துயிர்' இருக்கிறது. வடக்கு டகோட்டாவின் ஜேம்ஸ் கேட்ஸ் தன் பெயரை மாற்றி, பேச்சை மாற்றி, பணம் சேர்த்து மாளிகை வாங்கி விருந்து வைக்கிறான். "அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்தராத்திரியில் குடை பிடிப்பான்" என்று நாம் சொல்வோமே, டாம் வகையறா அவனைப் பார்ப்பது அந்தக் கண்ணால்தான். புதுப் பணத்துக்கும் பழைய பணத்துக்கும் உள்ள தூரத்தை மகளுக்குப் புரியவைக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. ஆனால் பழமொழியைக் கட்டுரையில் எழுத வேண்டாம், வீட்டுக்குள் இருக்கட்டும். நாவலாசிரியர் கேட்ஸ்பியை அற்பன் என்று சொல்லவில்லை என்பதும் நினைவிருக்கட்டும்.

பீனிக்ஸ் பறவையையும் தயவுசெய்து கூப்பிட வேண்டாம். நம் பத்திரிகைகளில் தேர்தலில் தோற்று ஜெயித்தவரெல்லாம் பீனிக்ஸ்தான். அந்தப் பறவை நிஜமாகவே வருகிற அமெரிக்க நாவல் ரே பிராட்பரியின் 'ஃபாரன்ஹீட் 451'. ஒப்பிடச் சொன்னால் அதைத் தொடலாம். நெருப்பையும் வர்க்கத்தையும் சேர்த்துப் பார்க்க ஃபாக்னரின் 'பார்ன் பர்னிங்' சிறுகதை இன்னும் பொருத்தம்: நிலச்சொந்தக்காரனின் களஞ்சியத்துக்குத் தீ வைக்கிற குத்தகைக்காரன், அவன் மகன். சின்னக் கதைதான், ஒரு மாலைப்பொழுது போதும்.

நம் ஊரில் கோனார் நோட்ஸ் மாதிரி இங்கே இணையத்தில் குறிப்புகள் கொட்டிக் கிடக்கின்றன. ஆசிரியர்களுக்கு அவை மனப்பாடம். வரியை எடுத்து ஒட்டினால் மதிப்பெண் குறைவதோடு நிற்காது, பெற்றோரைக் கூப்பிட்டுப் பேசுகிற விஷயமாகிவிடும். இங்கே கேட்பது மூன்றுதான்: உன் கருத்தை ஒரு வாக்கியத்தில் சொல், அதற்கு நாவலிலிருந்து வரி காட்டு, அந்த வரி எப்படி அதைச் சொல்கிறது என்று விளக்கு. கணக்கில் 'நிரூபி' என்றால் செய்வாள் அல்லவா? அதே வேலைதான், அவளிடம் அப்படியே சொல்லிப் பாருங்கள். என் மகனுக்கு இதைச் சொல்ல எனக்கு ஒரு வருடம் பிந்திவிட்டது.

இன்னொன்று. அந்தச் சாம்பல் பள்ளத்தாக்கு உங்கள் வீட்டிலிருந்து ஒரு ஸ்டேஷன். மெயின் ஸ்ட்ரீட்டில் ஏழாம் நம்பர் ரயில் ஏறினால் அடுத்த நிறுத்தம் மெட்ஸ்–வில்லெட்ஸ் பாயின்ட். இடது ஜன்னலில் தெரிகிற ஃப்ளஷிங் மெடோஸ் பூங்காதான் அது. 1939 உலகக் கண்காட்சிக்காகப் பூங்காத் துறைத் தலைவர் ராபர்ட் மோசஸ் சாம்பல் மேடுகளைச் சமன்செய்து அந்த இடத்தை மாற்றினார். 'நாளைய உலகம்' என்பது கண்காட்சியின் கோஷம். 1964 கண்காட்சிக்கு வைத்த 140 அடி எஃகு உலக உருண்டை இன்னும் நிற்கிறது. யு.எஸ். ஓப்பன் டென்னிஸ் 1978 முதல் அங்கேதான்.

வலது ஜன்னலையும் பார்க்கச் சொல்லுங்கள். அங்கே பல வருடங்களாகச் சாக்கடை இணைப்புகூட இல்லாத குண்டும் குழியுமான தெருக்களில் கார் ரிப்பேர் கடைகள் வரிசையாக இருந்தன. பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் நடத்தியவை. என் பழைய கொரோலாவுக்குச் சைலன்சர் மாற்றியது அங்கேதான். நாற்பது டாலருக்குப் பேரம் பேசியதும், மழைத்தண்ணீரில் செருப்பு ஊறியதும் நினைவிருக்கிறது. இப்போது கடைகளை அகற்றிவிட்டு அடுக்குமாடி வீடுகளும் கால்பந்து மைதானமும் கட்டுகிறார்கள். வில்சனின் ஷெட் எனக்கு அங்கேதான் தெரிந்தது. புத்துயிர் யாருக்கு என்ற கேள்வியை மகள் தானாகக் கேட்கிறாளா என்று பாருங்கள், நீங்கள் எடுத்துக் கொடுக்காதீர்கள்.

சனிக்கிழமை காலை போங்கள். உருண்டைக்குப் பக்கத்தில் காற்று அதிகம், ஜாக்கெட் வேண்டும். நோட்டும் பென்சிலும் அவள் கையில் இருக்கட்டும். திரும்பும்போது பவுன் ஸ்ட்ரீட் பிள்ளையார் கோயில் கேன்டீனில் தோசை வாங்கிக் கொடுங்கள். பன்னிரண்டுக்கு மேல் வரிசை நீண்டுவிடும்.