டெரிகாட்டனில் க்வில்ட்: வாசகர் கேள்விகளும் எங்கள் பதில்களும்

பாலியஸ்டரும் பருத்தியும் கலந்த டெரிகாட்டன் என்றாலே, துண்டுத் துணிகளை இணைத்து நடுவில் பஞ்சு வைத்துத் தைக்கும் க்வில்டுக்கு ஆகாது என்று ஒதுக்க வேண்டியதில்லை. சுத்தப் பருத்தியைப் போலவே அதையும் கையாளும்போதுதான் தகராறு வரும். இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை அங்கேதான் போய் நிற்கின்றன.

தையல்கடையில் கட்பீஸ் மூட்டையாகக் கிடைக்கிறது. எது பருத்தி, எது கலப்பு என்று எப்படிப் பிரிப்பது?

கையில் கசக்கிப் பத்து விநாடி இறுக்கிப் பிடித்து விடுங்கள். பருத்தியில் சுருக்கம் நிற்கும், கலப்பில் பெரும்பாலும் விரிந்துவிடும். ஆனால் சுருங்காத பூச்சு கொடுத்த பருத்தி இதில் ஏமாற்றும். சந்தேகமான துண்டிலிருந்து பாவு நூல் இரண்டு, ஊடை நூல் இரண்டு உருவி, எவர்சில்வர் தட்டுக்கு மேல் இடுக்கியில் பிடித்துத் தனித்தனியாகக் கொளுத்துங்கள். பருத்தி காகிதம் எரிந்த வாசனையோடு எரிந்து, தொட்டால் உதிரும் சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிச் சுருண்டு கறுப்பு மணியாக இறுகும். கலப்பில் சாம்பலும் இருக்கும், விரலால் நசுக்கினால் நசுங்காத குருணையும் இருக்கும். மணி ஆறும்வரை தொடாதீர்கள். உருகிய பாலியஸ்டர் தோலில் ஒட்டிக்கொண்டு சுடும்.

தையல் படியவே மாட்டேன் என்கிறது. அழுத்தித் தேய்த்தால் துணி பளபளவென்று மின்னுகிறது. என்ன செய்ய?

இதுதான் டெரிகாட்டனின் தலையாய சிக்கல். பருத்தி, சூடும் ஈரமும் பட்டால் மடிந்த மடிப்பிலேயே நிற்கும். பாலியஸ்டர் சூட்டில் இளகும், ஆறும்போதுதான் வடிவம் பிடிக்கும். இஸ்திரிப் பெட்டியை எடுத்த கையோடு துணியைத் தூக்கினால் மடிப்பு எழும்பிவிடுவது அதனால்தான். படியவில்லையே என்று சூட்டைக் கூட்டினால் மேற்பரப்பு இழைகள் தட்டையாகி மினுங்கும். அந்த மினுமினுப்பு பெரும்பாலும் திரும்பப் போகாது.

பெட்டியின் சூட்டுத் திருகை இரண்டு புள்ளிக்கு மேல் வைக்காதீர்கள். முதலில் தையல் ஓரத்தை விரிக்காமல் அப்படியே ஒருமுறை தேய்த்து நூலைப் படியவிடுங்கள். பிறகு மார்ஜினை, அதாவது தையலுக்கு வெளியே விட்ட ஓரத்துணியை, இரண்டு பக்கமும் விரித்து, மேலே ஈரமான மல் துணி போட்டு, பெட்டியை இழுக்காமல் ஐந்தாறு விநாடி ஊன்றி எடுங்கள். எடுத்தவுடன் வழவழப்பான, சாயம் பூசாத மரக்கட்டை ஒன்றை அதே இடத்தில் வைத்துப் பதினைந்து விநாடி அழுத்துங்கள். மரம் நீராவியை உறிஞ்சிக்கொள்ளும், துணி அழுத்தத்திலேயே ஆறும். பெட்டியை விட இந்தக் கட்டைதான் அதிக வேலை செய்கிறது. தேய்ப்பது எப்போதும் பின்பக்கம். கறுப்பு, கருநீலத்தில் இதை மீறவே கூடாது.

வெட்டுவதற்கு முன் கஞ்சி போடலாம். பருத்திப் பங்கு அதிகமுள்ள துணியில் நன்றாகப் பிடிக்கும், 65 பங்கு பாலியஸ்டர், 35 பங்கு பருத்தி உள்ள கலப்பில் ஓரளவுதான். தைத்து முடித்ததும் அலசிவிடுங்கள். கஞ்சி இருந்தால் இராமபாணப் பூச்சி தேடி வரும்.

யூனிஃபார்ம் சட்டைத் துணியில் ஒற்றைக் கட்டிலுக்கு ஒரு க்வில்ட். எவ்வளவு வாங்க? பருத்தியோடு கலக்கலாமா?

5 இஞ்ச் சதுரமாக வெட்டிக் கால் இஞ்ச் மார்ஜினில் தைத்தால் ஒவ்வொன்றும் நாலரை இஞ்ச் நிற்கும். 12 வரிசை அகலம், 18 வரிசை நீளம், ஆக 216 சதுரம். மேல்துணி 54க்கு 81 இஞ்ச் வரும். 44 இஞ்ச் பன்னா, அதாவது அகலம், உள்ள துணியில் மீட்டருக்கு 56 சதுரம் கிடைக்கும், 4 மீட்டர் வேண்டும். 58 இஞ்ச் பன்னா என்றால் மீட்டருக்கு 77, 3 மீட்டர் போதும்.

கலக்கலாம். எடை ஒத்துப்போகிறதா என்று மட்டும் பாருங்கள். பேண்ட் துணியின் பக்கத்தில் மெல்லிய பருத்தியை வைத்தால், கனமான துண்டு இழுத்து இழுத்து மெல்லியதன் தையலோரம் முதலில் நைந்துபோகும். இரண்டையும் வெட்டுவதற்கு முன் நனைத்துக் காய வைப்பதும் கட்டாயம். நனைக்காத பருத்தி 3 முதல் 5 சதவீதம் வரை சுருங்கலாம். கலப்பு அவ்வளவு சுருங்காது. நனைக்காமல் தைத்தால் முதல் சலவையிலேயே கலப்புச் சதுரங்கள் உப்பி நிற்கும்.

தையல் ஓரமெல்லாம் சுருங்குகிறது, நடுநடுவே தையல் விட்டு விழுகிறது.

இரண்டுக்கும் முதலில் ஊசியை மாற்றுங்கள். நெருக்கமாக நெய்த டெரிகாட்டனில் 14ஆம் நம்பர் ஊசி இழைகளைத் தள்ளிக்கொண்டு போகும், அவை ஒதுங்க இடமில்லாமல் துணி சுருங்கும். 11ஆம் நம்பர், கூர்முனை ஊசி போடுங்கள். பாலியஸ்டர் ஊசிமுனையைச் சீக்கிரம் மழுக்கும். முனை மழுங்கினால் தையல் விட்டு விழும். எட்டு மணி நேரத் தையலுக்கு ஒரு ஊசி என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். மேல் நூலின் டென்ஷனை (இழுவிசையை)க் கொஞ்சம் தளர்த்தி, இஞ்சுக்குப் பத்துத் தையல் வருமாறு வைத்து, கட்பீஸில் தைத்துப் பாருங்கள். பாபின் சுற்றும்போது வேகம் வேண்டாம். பாலியஸ்டர் நூல் இழுபட்டுச் சுற்றிக்கொண்டு, தைத்த பிறகு சுருங்கித் துணியையும் இழுக்கும்.

கறுப்புத் துணியில் வெள்ளை இழை வெளியே வந்துகொண்டே இருக்கிறது.

நடுவில் வைத்த பாலியஸ்டர் பேட்டிங்கின், அதாவது பஞ்சு அடுக்கின், இழை அது. இழைகள் சரியாகப் பிணைக்கப்படாத மலிவுப் பேட்டிங்கில், நெசவு இடைவெளியிலும் ஊசித் துளையிலும் இப்படி ஏறி வரும். பிடித்து இழுத்தால் பின்னாலேயே இன்னும் வரும். துணியோடு ஒட்ட நறுக்கிவிடுங்கள். அடுத்ததற்குக் கறுப்புப் பேட்டிங் அல்லது 80 சதவீதம் பருத்தி, 20 சதவீதம் பாலியஸ்டர் கலந்த பேட்டிங் வாங்குங்கள்.

மீந்த துண்டுகளில் சூடான பாத்திரம் பிடிக்கும் துணி தைக்கலாமா?

கூடாது. சூட்டில் உருகிக் கையில் ஒட்டும். அதற்குத் துணி, பேட்டிங், நூல் மூன்றுமே நூறு சதவீதம் பருத்தியாக இருக்கட்டும். டெரிகாட்டன் மிச்சத்தை க்வில்டின் ஓரப்பட்டிக்கு வெட்டுங்கள். க்வில்டில் முதலில் தேய்வது ஓரம்தான், அந்த உராய்வைப் பருத்தியை விட இது நன்றாகத் தாங்கும்.